தைராய்டா, பி.சி.ஓ.எஸ்.ஸா, இரண்டுமா?

ஒரு பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்த்தொகுப்பு) இருக்கிறது என்று மருத்துவர் எழுதித் தருவதற்கு முன்னால் தைராய்டைச் சோதித்தாக வேண்டும். இது மருத்துவரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, விதியே அதுதான். 2003-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த இலக்கணத்தைத்தான் சிற்சில மாற்றங்களோடு உலகம் இன்றும் பின்பற்றுகிறது. மாதவிடாய் ஒழுங்கு தப்புதல், ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்களின் மிகுதி, ஸ்கேனில் சினைப்பை நிறைய முட்டைக் குமிழ்கள் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும் என்பது அந்த இலக்கணம். இதன் வால் பகுதியைத்தான் பலரும் படிப்பதில்லை. இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தப் பெயரைச் சூட்டலாம் என்கிறது அது. அந்த வேறு நோய்களில் அடிக்கடி எதிர்ப்படுவது தைராய்டுக் குறைவு. 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலும் இந்த நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போனதும் முதலில் ஸ்கேன் சென்டர். இரு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள் என்று அறிக்கை வருகிறது. அன்றிரவே குடும்பம் கல்யாணம், குழந்தை என்று கவலைப்படத் தொடங்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனை பிறகு ஒரு நாள்தான். அதில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5.8 என்று தடித்த எழுத்தில் அச்சாகி வந்தால், நீர்க்கட்டிக்கு எழுதிய மாத்திரையோடு தைராய்டு மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது. எது எதனால் வந்தது, ஒன்று சரியானால் மற்றதும் போய்விடுமா என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அபூர்வம்.

பி.சி.ஓ.எஸ். என்று சொல்லப்பட்ட பெண்ணின் தைராய்டு அறிக்கை சரியில்லை என்றால், அதற்குப் பின்னால் இருப்பது ஒரே கதை அல்ல என்பதுதான் குழப்பத்தின் வேர். தைராய்டுக் குறைவே பி.சி.ஓ.எஸ். வேடம் போட்டு வந்திருக்கலாம். இரண்டும் உண்மையாகவே சேர்ந்து குடியிருக்கலாம். தைராய்டு நலமாகவே இருக்க, உடல் எடை அந்த எண்ணைச் சற்றே தூக்கிக் காட்டியும் இருக்கலாம். முதலாவதற்குத் தைராய்டு மாத்திரை மட்டும் போதும். இரண்டாவதற்கு இரு சிகிச்சைகளும் வேண்டும். மூன்றாவதற்கு அந்த மாத்திரையே பெரும்பாலும் வேண்டாம்.

வேடம் எப்படிப் பொருந்துகிறது? தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை விரட்டுகிறது. பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐ உயர்த்துகிறது; அதே விரட்டலில் பால் சுரப்புக்கான புரோலாக்டினும் ஏறிவிடுகிறது. புரோலாக்டின் ஏறினால் சினைமுட்டை வெளியாவது தடைபட்டு, மாதவிடாய் தள்ளிப்போகும். இன்னொரு பாதை கல்லீரல் வழியாகப் போகிறது. அங்கே உற்பத்தியாகும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம்தான் ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனின் பெரும் பகுதியைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறது. தைராய்டு குறைந்தால் இந்தப் புரதமும் குறையும். கட்டவிழ்ந்து திரியும் டெஸ்டோஸ்டிரோனின் பங்கு கூடும். ஆக, சினைப்பை தன்னளவில் எந்தத் தவறும் செய்யாமலே பி.சி.ஓ.எஸ். இலக்கணம் பாதி பொருந்திவிடுகிறது.

மீதிப் பாதியும் பொருந்தும் விந்தையை 1960-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜட்சன் வான் வைக், மெல்வின் க்ரம்பாக் இருவரும் விவரித்த ஒரு நோய்த்தொகுப்பில் காணலாம். தைராய்டுக் குறைவு நெடுநாள் கவனிக்கப்படாமல் விடப்பட்ட சிறுமிகளுக்கு, வயதுக்கு வெகு முன்பே மாதவிடாய் வந்துவிடுகிறது. இவர்களுடைய சினைப்பைகள் வீங்கிக் கட்டிகளோடு காணப்படும். காரணம் மூலக்கூறுகளின் உறவுமுறையில் இருக்கிறது. டி.எஸ்.எச்., சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். இரண்டும் தலா இரு சங்கிலிகளால் ஆனவை. அவற்றுள் ஒரு சங்கிலி இரண்டிலும் ஒன்றே. டி.எஸ்.எச். பல மடங்கு பெருகும்போது, எஃப்.எஸ்.எச்.-க்கென்று சினைப்பையில் இருக்கும் ஏற்பியையும் அது தட்டிவிடுகிறது. இந்தச் சிறுமிகளுக்கு வேண்டியது தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரைதான். சில மாதங்களில் கட்டிகள் தாமாகவே சுருங்கிவிடும். இதை அறியாமல் வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இது அரிய நோய்தான். ஆனால் வளர்ந்த பெண்களிடமும் கடுமையான தைராய்டுக் குறைவு சினைப்பையைப் பெரிதாக்குவதும், சிகிச்சைக்குப் பின் அது பழைய அளவுக்குத் திரும்புவதும் உண்டு. தைராய்டைச் சீராக்கிச் சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்காமல் பி.சி.ஓ.எஸ். முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இனி, இரண்டும் சேர்ந்து குடியிருப்பது. 1912-இல் ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற இளம் ஜப்பானிய அறுவை மருத்துவர், கழுத்துக் கழலைக்காக அகற்றப்பட்ட நான்கு பெண்களின் தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அவற்றில் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருப்பதை ஜெர்மன் மொழி இதழ் ஒன்றில் எழுதினார். உடலின் நோய் எதிர்ப்புப் படை சொந்தத் தைராய்டையே தாக்கி அரிக்கும் அந்த நோய் இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது. இந்தத் தாக்குதலுக்குத் தடயமாக ரத்தத்தில் கிடைப்பது, தைராய்டின் ஒரு நொதிக்கு எதிராக உடல் உருவாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள். சுரப்பி இன்னும் ஈடுகொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, டி.எஸ்.எச். ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்தத் தடயம் தென்படலாம்.

பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் இது கூடுதலாகத் தென்படுகிறது என்பதை முதலில் உரக்கச் சொன்னது 2004-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு. பி.சி.ஓ.எஸ். உள்ள 175 பெண்களில் 26.9 சதவீதம் பேரிடம் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது; ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 168 பெண்களில் 8.3 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: பி.சி.ஓ.எஸ். உள்ள 80 பேரில் 22.5 சதவீதம், இல்லாத 80 பேரில் 1.25 சதவீதம். ஒரு சிறு எச்சரிக்கை. ஹார்மோன் மருத்துவரைத் தேடி வருபவர்களை வைத்துச் செய்த கணக்குகள் இவை. தெருவில் நடந்துபோகும் பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் கணக்கெடுத்தால் விகிதம் இவ்வளவு இருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் தைராய்டுக் குறைவு ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு இருந்தது. அப்படியென்றால் பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் தைராய்டுக்கும் எந்த உறவும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், பி.சி.ஓ.எஸ். பெண்கள் பத்தில் ஒருவருக்கு வெறும் தற்செயலாகவே தைராய்டும் இருக்கும். ‘ஒன்று வந்தால் மற்றது வரும்’ என்று வீட்டில் சொல்லும் பேச்சில் பாதி இந்தத் தற்செயல்தான்.

மீதிப் பாதிக்கு விளக்கம் தேடுகிறார்கள். சினைமுட்டை வெளியான பிறகுதான் புரோஜெஸ்டிரோன் போதுமான அளவு சுரக்கும். மாதக்கணக்கில் முட்டை வெளிவராத பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பாரின்றி ஆள்கிறது. ஈஸ்ட்ரோஜன் நோய் எதிர்ப்புப் படையை உசுப்பும், புரோஜெஸ்டிரோன் அமர்த்தும். அமர்த்த ஆளில்லாததால் படை சொந்த வீட்டிலேயே கை வைக்கிறது என்பது ஒரு கருதுகோள். கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை. இரு நோய்களுக்கும் பொதுவான மரபணுக்கள், வைட்டமின் டி குறைவு என்று வேறு ஊகங்களும் உண்டு. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு டி.எஸ்.எச்.-ஐச் சோதிக்க வேண்டும் என்ற முடிவுக்கு இந்த ஊகங்கள் எதுவும் தேவையில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அறிகுறிகளை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாமா? களைப்பு, எடை, முடி உதிர்தல், சோர்ந்த மனம் எல்லாம் இரண்டுக்கும் பொது. இவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி முளைத்தால் அது ஆண்ட்ரோஜனின் வேலை. தைராய்டு அதைச் செய்வதில்லை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கறுத்துத் தடிக்கும் தோல், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதை அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், பாவம். மறுபக்கம், மின்விசிறிக் காற்றே குளிர்வது, மலச்சிக்கல், வறண்ட தோல், கரகரத்த குரல், முகத்தில் உப்பல் ஆகியவை தைராய்டின் பக்கம் கைகாட்டும். மாதவிடாயிலும் ஒரு சாயல் வேறுபாடு உண்டு. பி.சி.ஓ.எஸ்.ஸில் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவது வழக்கம். தைராய்டுக் குறைவில் தேதி தப்புவதோடு, வரும்போது அதிகமாகப் போவதும் அடிக்கடி நடக்கும். இருந்தாலும் இவை சாயல்கள்தான். தீர்ப்புக்கு ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும்.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைராய்டுக் குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும்தான். இருபது கிலோ கூடியிருக்கும்போது பழி முழுவதையும் தைராய்டின் மீது போடுவது நியாயமில்லை. உண்மையில் காரண காரியம் எதிர்த் திசையிலும் ஓடுகிறது. உடல் பருமனே டி.எஸ்.எச்.-ஐச் சிறிது உயர்த்தும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹைப்போதாலமஸை உசுப்புவது அதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு டி.எஸ்.எச். 5, 6 என்று நிற்கும், தைராக்சின் அளவு சரியாக இருக்கும், எதிர்ப்பொருள் இருக்காது. எடை குறைந்தால் எண்ணும் இறங்கும். இதற்கு ஆயுள் முழுவதும் மாத்திரை எதற்கு? தேவையில்லாத தைராக்சின் எலும்பைத் தேய்க்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், முடியையும் உதிர்க்கும். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் மருந்து வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழே இருக்கும் இடைவெளியில்தான் எதிர்ப்பொருள் பரிசோதனை பயன்படுகிறது. இங்கிலாந்தின் விக்கம் பகுதி மக்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், டி.எஸ்.எச். உயர்ந்தும் எதிர்ப்பொருளோடும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேர் முழுமையான தைராய்டுக் குறைவை அடைந்தார்கள். டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்தவர்களில் அது 2.6 சதவீதம். ஆக, எதிர்ப்பொருள் உள்ள பெண் ஆண்டுக்கொருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்ப்பொருள் இருக்கிறதே என்று மாதாமாதம் அதன் அளவை அளந்துகொண்டிருப்பது லேபுக்கு மட்டுமே லாபம்.

பி.சி.ஓ.எஸ். பெண்களின் தைராய்டு அறிக்கையைக் குழப்பும் மருந்துகள் அவர்கள் கைப்பையிலேயே இருக்கின்றன. முதல் குற்றவாளி பயோட்டின். முடி உதிர்கிறது என்று மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் இது 5,000, 10,000 மைக்ரோகிராம் என்ற அளவில் இருக்கிறது. உடலுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 30. மிகுதி ரத்தத்தில் சுற்றும்போது, பயோட்டினையே பசையாகப் பயன்படுத்தும் பரிசோதனை இயந்திரங்கள் ஏமாந்துபோகின்றன. டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 (தைராக்சின்) பொய்யாகக் கூடியும் காட்டும். தைராய்டு குறைந்தவள் அறிக்கையில் தைராய்டு மிகுந்தவளாகத் தெரிவாள். அதே வகை இயந்திரத்தில் டெஸ்டோஸ்டிரோனும் பொய்யாக உயரலாம். ஒரே மாத்திரை தைராய்டை மறைத்து பி.சி.ஓ.எஸ்.ஸைக் கூட்டிக் காட்டுகிறது! அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது இதை நிறுத்திவிட வேண்டும். லேபில் யாரும் கேட்க மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

மாதவிடாயை முறைப்படுத்தத் தரும் ஹார்மோன் மாத்திரையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தை ரத்தத்தில் பெருக்குகிறது. மொத்த டி3 (இன்னொரு தைராய்டு ஹார்மோன்), மொத்த டி4 இரண்டும் உயர்ந்து காட்டும். சுமையில் சேராமல் தனியே இருக்கும் டி4 சரியாகவே இருக்கும். மலிவான பேக்கேஜ்களில் மொத்த அளவை மட்டும் பார்ப்பதால் வீண் பயம் பிறக்கிறது. ஏற்கெனவே தைராக்சின் எடுப்பவர் இந்த மாத்திரையைத் தொடங்கினால், ஆறேழு வாரத்தில் டி.எஸ்.எச்.-ஐ மறுபடி பார்க்க வேண்டும். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். இன்சுலின் சரியாக வேலை செய்யத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எதிர்மாறு. தைராய்டுக் குறைவு உள்ளவர்களிடம் அது டி.எஸ்.எச்.-ஐச் சற்றே இறக்கிக் காட்டும்; தைராய்டு ஹார்மோனின் அளவோ மாறியிருக்காது. எண் இறங்கியதைப் பார்த்து, சுரப்பி குணமாகிவிட்டதென்று தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தைராக்சின் மாத்திரையே ஒரு சிணுங்கி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி கூடாது. காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வந்ததும் டிகாஷன் மணக்கும் வீட்டில் இது லேசான காரியமல்ல. முடியாதவர்கள் இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் அதே பலனைத் தரும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அதிகமாகப் போவதால் ரத்தச்சோகை வந்து இரும்பு மாத்திரை எடுக்கும் பெண்கள் இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, டி.எஸ்.எச். இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கமாக நடக்கும் வீண். டப்பாவை அடுப்படி அலமாரியில் வைப்பதும் அப்படித்தான்: சூடும் ஈரமும் இந்த மருந்தைக் கெடுக்கும்.

உணவில் இன்றைய மோகம் இந்துப்பு. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி மனித நுகர்வுக்கு விற்க 2006 மே மாதத்திலிருந்து இந்தியாவில் தடை இருக்கிறது; நுகர்வோர் கையில் சேரும்போது உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அயோடின் சேர்க்கப்பட்டது என்று உறையில் போடாத இந்துப்புக்கு மாறும் பெண், நல்லது செய்வதாக நினைத்துச் சுரப்பியின் மூலப்பொருளையே நிறுத்துகிறாள். கடற்பாசி மாத்திரை விழுங்கி அயோடினை அள்ளிக் கொட்டினாலும் ஹஷிமோட்டோ நோய் மோசமாகும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வேகவைத்து வழக்கமான அளவில் உண்டால் அச்சமில்லை. கம்பிலும் தைராய்டை அமுக்கும் பொருள் உண்டு என்பது சூடானின் டார்ஃபூர் பகுதியில் 1980-களில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆனால் அது கம்பே முக்கிய உணவாகவும் அயோடின் பற்றாக்குறையாகவும் இருந்த ஊர். வாரத்தில் இரண்டு நாள் கம்மங்கூழ் குடிப்பவர் அதை நிறுத்த வேண்டியதில்லை.

கடைசியாகக் கருத்தரிப்பு. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இருந்தாலே, டி.எஸ்.எச். சரியாக இருந்தாலும், தைராக்சின் கொடுத்தால் குழந்தை தங்கும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. பிரிட்டனில் கருச்சிதைவையோ குழந்தைப்பேறு தாமதத்தையோ சந்தித்த, எதிர்ப்பொருள் உள்ள, தைராய்டுச் செயல்பாடு சரியாக இருந்த பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது: தைராக்சின் எடுத்தவர்களில் உயிருடன் குழந்தை பெற்றவர்கள் 37.4 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 37.9. பயனில்லை என்று இதைவிடத் தெளிவாக ஒரு ஆய்வு சொல்ல முடியாது. இன்னமும் அப்படி எழுதித் தரப்படும் சீட்டுகளைப் பார்த்தால், ஏன் என்று தயங்காமல் கேட்கலாம்.

உண்மையான தைராய்டுக் குறைவுக்கு மாத்திரை எடுப்பவரின் நிலை வேறு. கருவின் தைராய்டு சுமார் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டியது முழுவதும் தாயிடமிருந்து வர வேண்டும். எனவே கருத்தரிக்கும் முன்பே டி.எஸ்.எச்.-ஐ 2.5-க்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். கரு உறுதியானதும் மருந்தின் அளவை 20 முதல் 30 சதவீதம் வரை கூட்டுவது, அதாவது வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் பரிந்துரை. மற்றவர்கள் தேதி தப்பிய வாரத்திலேயே சோதித்துவிடுவார்கள். தேதி தப்புவதே வாடிக்கையான பி.சி.ஓ.எஸ். பெண்ணுக்கு அந்த மணி அடிப்பதில்லை. இரண்டு மாதம் கழித்துத் தெரியவரும்போது முக்கியமான வாரங்கள் கடந்துபோயிருக்கும். குழந்தைக்கு முயலும் காலத்தில் 35 நாள் தாண்டினாலே வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்ப்பதும், கோடு இரண்டாக வந்தால் அன்றே மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருப்பதும் இவர்களுக்கு மிக அவசியம்.